குளிப்பாட்டும்போது அவர் கத்துகிறார், என்ன செய்வது?

கேள்வி: நான் ஒரு பராமரிப்பு இல்லத்தில் உதவியாளராகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. காலையில் எட்டுப் பேரைக் குளிக்கவைத்து, உடை மாற்றி, உணவு நேரத்துக்குள் தயார் செய்ய வேண்டும். அவர்களில் ஒருவர் மறதி நோய் முற்றிய அம்மா. மற்ற நேரங்களில் சாதுவாக இருப்பவர், ஆடையைக் கழற்றத் தொடங்கினாலே கத்துகிறார், நகத்தால் கீறுகிறார். இருவர் அவர் கையைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் வேகமாகத் தண்ணீர் ஊற்றி முடித்துவிடுகிறோம். இன்னொருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன, ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது. நான் சுத்தம் செய்யும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். கதவு பாதி திறந்தே இருக்கும். மூத்த பணியாளர்கள் தங்கள் வீட்டுக் கதைகளைப் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள். நான் தயங்கினால், "இதையெல்லாம் பார்த்தால் வேலை நடக்காது, போகப் போகப் பழகிவிடும்" என்கிறார்கள். பழகிவிடுமோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இருக்கிற நேரத்துக்குள் இவர்களை மரியாதையாக நடத்த முடியுமா? எப்படி?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். இப்போது இருக்கும் ஆட்களையும் நேரத்தையும் வைத்துக்கொண்டே இதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். மீதிக்கு உங்கள் மேற்பார்வையாளரின் ஒத்துழைப்பு வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்பதையும் கீழே எழுதுகிறேன். முதலில் அந்த அம்மா. உங்கள் கடிதத்தில் மிக அவசரமான விஷயம் அவருடையதுதான்.

அந்தக் காலை வேளையை அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். நேற்று உங்களைப் பார்த்தது அவர் நினைவில் இல்லை. குளியலறைக்கு எதற்காக வந்தோம் என்பதும் தெரியவில்லை. முன்பின் அறியாத மூன்று பேர் சூழ்ந்து நிற்கிறார்கள். ஆடையை உருவுகிறார்கள். குளிர்கிறது. கையைப் பிடித்து அழுத்துகிறார்கள். முகத்தில் தண்ணீர் விழுகிறது. அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் நான் இருந்தாலும் கத்தியிருப்போம், கீறியிருப்போம். பதிவேட்டில் இதை "முரண்டு பிடிக்கிறார்" என்றோ "தாக்குகிறார்" என்றோ எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அவர் தம்மைக் காப்பாற்றிக்கொள்கிறார். பேச்சு கைவிட்ட ஒருவருக்கு "வேண்டாம்" என்று சொல்ல மிஞ்சியிருக்கும் வழி அந்தக் கத்தல். அதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டு, அவர் எதை வேண்டாம் என்கிறார் என்று தேடுங்கள். குளியலையே வேண்டாம் என்று சொல்பவர்கள் நான் பார்த்தவரை குறைவு. குளிரை, வலியை, வெற்றுடம்பாக நிற்பதை, பிடித்து இழுக்கப்படுவதை வேண்டாம் என்கிறார்கள்.

முதலில் வலியைச் சந்தேகியுங்கள். மூட்டுவாதம் உள்ள தோளை மேலே தூக்கி ஆடையை உருவினால் உயிர்போகிற வலி இருக்கும். "தோள் வலிக்கிறது" என்று சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. எந்த இடத்தைத் தொடும்போது முகம் சுளிக்கிறார், எந்தக் கையை ஒட்டிவைத்துக்கொள்கிறார் என்று இரண்டு மூன்று நாட்கள் கவனித்து, செவிலியரிடம் சொல்லுங்கள். மருத்துவர் ஏற்கெனவே வலி மாத்திரை எழுதியிருந்தால், குளியலுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். இதுவரை அமைதியாகக் குளித்தவர் திடீரென்று எதிர்க்கத் தொடங்கினால், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புண் போன்ற உடல் காரணங்களை அன்றே பார்க்கச் சொல்ல வேண்டும். அது "குணம் மாறிவிட்டது" என்று விட்டுவிடக் கூடிய விஷயம் கிடையாது.

அடுத்தது குளிப்பாட்டும் முறை. 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு உங்களுக்கு மிகவும் பயன்படும். குளிக்கும்போது கலவரப்படுகிற, மறதி நோயுள்ள இல்லவாசிகளிடம் இரண்டு முறைகளைச் சோதித்தார்கள். ஒன்று, அவரவர் விருப்பத்தையும் வசதியையும் அறிந்து அதற்கேற்ப மாற்றிச் செய்யும் ஷவர் குளியல். மற்றொன்று, படுக்கையிலேயே வெதுவெதுப்பான ஈரத் துண்டால் போர்த்திச் சுத்தம் செய்யும் துண்டுக் குளியல். ஷவர் குளியலில் தாக்கும் சம்பவங்கள் 53 விழுக்காடு குறைந்தன, துண்டுக் குளியலில் 60 விழுக்காடு குறைந்தன. நேரம் எவ்வளவு கூடியது என்பதுதான் உங்கள் மூத்த பணியாளர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. ஷவர் குளியலுக்குச் சராசரியாக மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் கூடியது. துண்டுக் குளியலுக்குக் குறிப்பிடும்படியாக ஒன்றும் கூடவில்லை. சருமத்தில் நோய்க்கிருமிகள் பெருகுமோ என்ற பயத்தையும் சோதித்தார்கள், பெருகவில்லை. துண்டுக் குளியலில் சருமத்தின் நிலை முன்னைவிட நன்றாகவே இருந்தது.

துண்டுக் குளியலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்த அம்மாவுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். அலசத் தேவையில்லாத திரவ சோப்பு வேண்டும். சாதாரண சோப்பு உதவாது. அது தோலில் தங்கி அரிப்பை உண்டாக்கும். அந்தத் திரவத்தைக் கலந்த வெந்நீரில் ஒரு பெரிய துண்டையும் முதுகுக்கு இன்னொரு துண்டையும் சில சிறு துணிகளையும் நனைத்துப் பிழிந்து, சூடு ஆறாதபடி பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொள்ளுங்கள். துண்டு உடலில் படும் நேரத்தில் இதமான சூடாக இருக்க வேண்டும். உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டே போர்த்துங்கள். அவர் படுக்கையில் போர்வைக்குள் இருக்கிறார். போர்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொண்டே ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு வாருங்கள். உடம்பின் எந்தப் பகுதியும் ஒரு நொடிகூட வெறுமையாகக் கிடக்கக் கூடாது. துண்டின் மேலாகவே மெதுவாகப் பிடித்துவிடுவது போலத் தேயுங்கள். பிறகு அவரைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுக்கு அந்த இன்னொரு துண்டு. மறைவிடங்களுக்குத் தனிச் சிறு துணி. முடிந்ததும் ஈரத் துண்டை உருவும் அதே அசைவில் காய்ந்த வெதுவெதுப்பான போர்வையை மேலே இழுத்துவிடுங்கள். பலர் இதற்கு நடுவில் தூங்கிவிடுவார்கள்.

அந்த அம்மாவுக்குத் தண்ணீர் பிடிக்கும், குளியலறைதான் வேண்டும் என்று தெரிந்தால், அறையை முன்கூட்டியே சூடாக்குங்கள். எல்லாத் துணிகளையும் எடுத்துவைத்த பிறகே அவரை அழைத்துவாருங்கள். பாதியில் துண்டு எடுக்க ஓடும்போதுதான் அவர் ஈரத்தோடு தனியே உட்கார்ந்திருக்க நேர்கிறது. நடுவில் ஓட்டையுள்ள குளியல் நாற்காலியில் வெற்றுடம்போடு, கால் தரையில் படாமல் உட்காருவது யாருக்கும் அச்சம் தரும். இருக்கையில் மெத்தென்ற துணி, காலுக்கு ஒரு தாங்கு பலகை, தோளிலும் மடியிலும் துண்டு. தண்ணீரை அந்தத் துண்டின் மேலாகவே ஊற்றலாம், கழுவும்போது மட்டும் ஓரத்தைத் தூக்கினால் போதும். கைஷவரை மெல்லிய வேகத்தில் வைத்துப் பாதத்திலிருந்து தொடங்குங்கள். தலைக்கு மேலிருந்து கொட்டும் நீர் மறதி நோயாளிகளை மிகவும் மிரளவைக்கும். தலையைக் கடைசியிலோ வேறொரு நாளிலோ அலசிக்கொள்ளலாம். நீரின் சூடு 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் இருந்தால் இதமாக இருக்கும். 44 டிகிரியைத் தாண்டக் கூடாது. முதியவரின் தோல் மெலிந்திருப்பதால் விரைவில் சுட்டுவிடும். உணர்வு மங்கியிருந்தால் சுடுவதும் அவருக்குத் தெரியாது. குளியலறையில் கண்ணாடி இருந்தால் ஒரு துணியால் மூடிப் பாருங்கள். கண்ணாடியில் தெரியும் தம் உருவத்தையே யாரோ அந்நியர் வந்து பார்ப்பதாக எண்ணிச் சிலர் அலறுவார்கள்.

மூன்று பேர் சூழ்வதை நிறுத்துங்கள். ஒருவர் கழுவட்டும், பாதுகாப்புக்கு இன்னொருவர் தேவைப்பட்டால் அவர் முகத்தின் பக்கம், கண்மட்டத்தில் உட்கார்ந்து பேசட்டும், பாடட்டும். கையில் பிடித்துக்கொள்ள ஒரு சிறு துணியைக் கொடுத்தால் அந்தக் கைக்கும் வேலை கிடைக்கும். தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்: "இப்போது வலது காலைத் துடைக்கிறேன்." புரிகிறதோ இல்லையோ, குரலின் வேகமும் தாழ்வும் புரியும்.

எல்லாம் செய்தும் கலவரம் ஏறினால் நிறுத்திவிடுங்கள். போர்த்திவிட்டு, இருபது நிமிடம் கழித்து வாருங்கள். வேறொருவர் வந்து பார்க்கலாம், மாலையில் முயலலாம். காலைதான் குளியல் நேரம் என்பது இல்லத்தின் வசதிக்காக வைத்த ஏற்பாடு. அவர் வாழ்நாளெல்லாம் இரவில் குளித்தவராக இருக்கலாம். குடும்பத்தாரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு தொலைபேசி அழைப்பு போதும். முழுக் குளியல் தினமும் கட்டாயம் என்பதும் உண்மை கிடையாது. வயதான தோலில் எண்ணெய்ப்பசை குறைவு, தினமும் சோப்பு போட்டால் வறண்டு வெடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு வாரம் இரண்டு முறை முழுக் குளியல் போதும். முகம், கைகள், அக்குள், தோல் மடிப்புகள், மறைவிடங்கள் ஆகியவற்றைத்தான் நாள்தோறும் சுத்தம் செய்தாக வேண்டும்.

மலம் அப்பியிருக்கிறது, மறுக்கிறார், விட்டுவைத்தால் தோல் புண்ணாகிவிடும் என்ற நிலைமையும் வரும். அப்போது விட்டுவிட முடியாது. அந்தப் பகுதியை மட்டும், போர்வைக்குள், கூடியவரை விரைவாகச் சுத்தம் செய்துவிட்டு, மற்றதைத் தள்ளிவையுங்கள். ஒருவர் அவர் கையைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு பேசட்டும். ஆனால் கட்டிப்போடுவதோ மணிக்கட்டை அழுத்திப் பிடிப்பதோ வேண்டாம். உங்கள் கைமேல் அவர் கை இருந்தால் அவர் எடுத்துக்கொள்ளலாம், அவர் மணிக்கட்டு உங்கள் பிடியில் இருந்தால் எடுக்க முடியாது. மெலிந்த தோல் அந்த அழுத்தத்திலேயே கன்றிப்போகும், கிழியும். இப்படிப்பட்ட சூழல் அடிக்கடி வந்தால் அது செவிலியரும் மருத்துவரும் குடும்பமும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். உதவியாளர் தனியாகச் சுமக்கக் கூடாது.

இப்போது ஆசிரியர். அவருக்கு நினைவு தெளிவாக இருப்பதால் அவர் படும் கூச்சம் முழுமையாக அவருக்குத் தெரிகிறது. உங்கள் வயதில் அவருக்கு மாணவிகள் இருந்திருப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்வதை ஒத்துழைப்பு என்று உங்களுடன் பணிபுரிபவர்கள் நினைத்திருக்கக்கூடும். சத்தம் போடாதவர்களின் அவமானம் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இப்படி ஓசையில்லாமல் சகித்துக்கொள்கிறவர்கள்தான்.

அவரிடம் கேளுங்கள். துடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்காதீர்கள். அவர் முழுதாக உடுத்தி உட்கார்ந்திருக்கும் வேறொரு நேரத்தில், நீங்களும் எதிரே உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்: "ஐயா, காலையில் உங்களுக்கு உதவுவது உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆண் பணியாளர் வந்தால் நன்றாக இருக்குமா? எதையெல்லாம் நீங்களே செய்துகொள்ள விரும்புகிறீர்கள்?" அவர் ஆண் பணியாளரைக் கேட்டால் அதை மேற்பார்வையாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். எல்லா ஷிப்டிலும் ஆண்கள் இருக்க மாட்டார்கள் என்றால் குளியலையாவது ஆண் இருக்கும் ஷிப்டுக்கு மாற்றலாம். இதைக் கேட்டதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. உங்கள் வேலையில் குறை இருப்பதாக அதற்குப் பொருள் கிடையாது.

அவருக்கு ஒரு கை நன்றாக இருக்கிறது. அந்தக் கையில் சோப்பு தடவிய துணியைக் கொடுங்கள். முகம், மார்பு, மறைவிடம் மூன்றையும் பெரும்பாலும் அவரே கழுவிக்கொள்வார். நீங்கள் திரைக்கு வெளியே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நில்லுங்கள். அவருக்கு எட்டாத முதுகும் கால்களும் மட்டுமே உங்கள் பங்கு. உடுத்தும்போது பாதிக்கப்பட்ட கையை முதலில் சட்டைக்குள் நுழையுங்கள், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுங்கள். வலியும் இழுபறியும் குறையும், இரண்டொரு வாரத்தில் பாதியை அவரே செய்துகொள்வார். மெதுவாகப் பொத்தான் போடுகிறார் என்று நீங்கள் குறுக்கே கையை நீட்டினால், அவரிடம் மீந்திருக்கும் திறனையும் சேர்த்துப் பறிக்கிறீர்கள். நேரம் குறைவாக உள்ள நாளில் எல்லாவற்றையும் நீங்களே செய்யாமல், ஒரே ஒரு காரியத்தையாவது அவருக்கு விட்டுவையுங்கள்.

பயிற்சி வகுப்புகளில் வெளிப்படையாகப் பேசாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆண்களைக் கழுவும்போது சில சமயம் விறைப்பு ஏற்படும். தொடுகைக்கு உடல் தானாகக் காட்டும் எதிர்வினை அது, பெரும்பாலும் எண்ணத்தோடு தொடர்பில்லாதது. அவர் வெட்கத்தில் குறுகிப்போவார். நீங்கள் பதறவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். துண்டை மேலே போட்டுவிட்டு, "காலைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று வேறு பகுதிக்குப் போய்விடுங்கள். வெளியே யாரிடமும் அதைக் கதையாகச் சொல்லாதீர்கள். யாராவது வேண்டுமென்றே உங்களைத் தவறாகத் தொட்டாலோ பேசினாலோ அது வேறு விஷயம். விலகி நின்று, உறுதியான குரலில் "இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மேற்பார்வையாளரிடம் தெரிவியுங்கள். உங்கள் கண்ணியமும் இந்த வேலைக்குள் அடங்கியதுதான்.

சுத்தம் செய்யும் முறையில் இரண்டு நுணுக்கங்களை மட்டும் நினைவூட்டுகிறேன். பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும், மலவாயின் கிருமிகள் சிறுநீர்த் துவாரத்துக்குப் போகக் கூடாது. ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவினால், முடித்ததும் மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். விட்டுவிட்டால் வீங்கி இறுகி அவசர சிகிச்சை தேவைப்படும் நிலைக்குப் போகும். எங்கும் தேய்க்காமல் ஒற்றி ஈரத்தை எடுங்கள். வேலை தெரிந்த கை சீக்கிரம் முடிக்கும், வலிக்கவைக்காது. மரியாதைக்கும் திறமைக்கும் நடுவில் நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை.

டயப்பர் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் நீங்கள் விவரிக்கும் இல்லத்தில் இது நடக்காமல் இருக்காது: கழிவறைக்குப் போக வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார், "டயப்பர்தானே போட்டிருக்கிறீர்கள், அதிலேயே போய்விடுங்கள்" என்கிறார்கள். இதைவிட ஒரு மனிதரைச் சிறுமைப்படுத்தும் சொல்லை இந்த வேலையில் நான் கேட்டதில்லை. அடக்கத் தெரிந்தவரை, கேட்கத் தெரிந்தவரை நாமே படுக்கையில் கழிக்கப் பழக்குகிறோம். சில வாரங்களில் அவர் கேட்பதை நிறுத்திவிடுவார், பிறகு "கட்டுப்பாடு போய்விட்டது" என்று எழுதிக்கொள்வோம். ஈரம் தங்கிய தோல் சிவந்து உரிந்து புண்ணாகும், அந்தப் புண்ணுக்கு நீங்கள்தான் பல வாரம் மருந்து போட வேண்டியிருக்கும். எழுந்ததும், உணவுக்குப் பின்னும், தூங்குமுன்னும், பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் "போகலாமா?" என்று கேட்டு அழைத்துச் சென்றால் பலருக்கு டயப்பர் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். கம்மோடு நாற்காலியில் உட்காரவைத்தால் மடியில் துண்டு போட்டு, கையெட்டும் இடத்தில் அழைப்பு மணியை வையுங்கள். விழும் அபாயம் இல்லாதவர் என்றால் திரைக்கு வெளியே வந்துவிடுங்கள். மற்றவர் பார்க்க உட்கார்ந்திருந்தால் யாருக்கும் வராது. சிறுநீர்க் குழாய் போட்டவரின் பைக்கு ஓர் உறை தையுங்கள். எப்போதும் பை சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் ஊரெல்லாம் பார்க்கத் தொங்க வேண்டியதில்லை.

கதவும் வீட்டுக் கதைகளும். கதவைத் தட்டி, பதில் வரும்வரை நின்று, உள்ளே போய், சாத்தி, திரையை இழுத்துவிடுவது பத்து நொடி வேலை. இதற்கு நேரமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1991-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை முதியோருக்கான கோட்பாடுகளை ஏற்றபோது, எந்த இல்லத்திலும் பராமரிப்பிலும் இருக்கும் முதியவரின் கண்ணியமும் அந்தரங்கமும் நம்பிக்கைகளும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்று அதில் சேர்த்தது. நீங்கள் மூடச் சொல்லும் கதவு உங்கள் தனிப்பட்ட கூச்சத்தால் வந்த கோரிக்கை இல்லை.

ஒருவரைத் துடைத்துக்கொண்டே அவர் தலைக்கு மேலாக இருவர் கதை பேசுவது உங்களை ஏன் உறுத்துகிறது என்று உங்களுக்கே தெரியும். அங்கே படுத்திருப்பவர் ஒரு பொருளாகிவிடுகிறார். பிரிட்டிஷ் உளவியலாளர் டாம் கிட்வுட் மறதி நோயாளிகளின் பராமரிப்பை ஆண்டுக்கணக்கில் கவனித்து, 1990-களில் இப்படிப்பட்ட நடத்தைகளைப் பெயர் கொடுத்து வகைப்படுத்தினார்: குழந்தையைப் போல் நடத்துவது, அவரால் தொடர முடியாத வேகத்தில் செய்வது, அங்கே இல்லாதவர் போல் பாவிப்பது, பொருளைப் போல் கையாள்வது. இவற்றைச் செய்கிறவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை, அக்கறையுள்ளவர்களே பழக்கத்தால் செய்கிறார்கள் என்று அவர் வலியுறுத்தியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் மூத்தவர்களையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். கொஞ்சு மொழியும் இந்த வகைதான். "செல்லம், சமர்த்தா கையைத் தூக்கு" என்று பேசும்போது மறதி நோயாளிகளின் எதிர்ப்பு கூடுகிறது என்பதை ஆய்வுகளும் பதிவுசெய்திருக்கின்றன. அவர் விரும்பும் பெயராலோ மரியாதைச் சொல்லாலோ அழையுங்கள்.

கைபேசி அந்த அறைக்குள் வேண்டவே வேண்டாம். சுத்தம் செய்யும் நேரத்தில் படம் எடுப்பதும், சிரிப்பதற்காகப் பகிர்வதும் குற்றம். யார் செய்தாலும் அன்றே மேலே சொல்லுங்கள்.

மூத்தவர்களிடம் எப்படிப் பேசுவது? குறை சொல்லித் தொடங்கினால் எடுபடாது. நான் நடத்தும் பயிற்சிகளில் பணியாளர்களை இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் பல்லை மற்றவர் துலக்கிவிடச் சொல்வேன். வாயைத் திறக்கவே பலருக்கு மனம் வராது. துலக்குகிறவர் அழுத்துவார், இவர் கையை நீட்டித் தடுப்பார். அதன் பிறகு நான் அதிகம் பேச வேண்டியிருக்காது. உங்கள் இல்லத்தில் அப்படிப் பயிற்சி ஏற்பாடு செய்யச் சொல்லிப் பாருங்கள். அதற்கு முன், அந்த அம்மா ஒருவருக்கு மட்டும் துண்டுக் குளியலை இரண்டு வாரம் செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். "அவருக்கு இப்போது மூன்று பேர் தேவைப்படுகிறோம், ஒருவரோ இருவரோ போதுமா என்று பார்க்கிறேன்" என்று சொன்னால் மறுக்கும் மேற்பார்வையாளர் அரிது. மீதமாகும் அந்த ஆளின் நேரம்தான் ஆசிரியரின் பொத்தான்களுக்குத் தேவையான நேரம்.

பழக்கத்தால் வந்த முரட்டுத்தனம் வேறு, கொடுமை வேறு என்பதையும் பிரித்தறியுங்கள். அடிப்பது, கிள்ளுவது, தண்டனையாகக் குளிர்ந்த நீரை ஊற்றுவது, அழுக்கோடு வேண்டுமென்றே கிடத்துவது, மிரட்டுவது ஆகியவற்றைக் கண்டால் யோசிக்க ஒன்றும் இல்லை. நாள், நேரம், பார்த்தது ஆகியவற்றை அப்படியே எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அமுக்கப்பட்டால், இல்லங்களைக் கண்காணிக்கும் அரசுத் துறையை அணுகலாம். புதியவள் என்பதால் தயங்க வேண்டாம். பழகிப்போகாத கண்ணுக்குத்தான் இவை தெரியும்.

பழகிவிடும் என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். வேலை பழகத்தான் வேண்டும். மலத்தைக் கண்டு முகம் சுளிக்காத கையும், நாற்றத்தைக் காட்டிக்கொள்ளாத முகமும் பழக்கத்தால் வருபவை, அவையே இல்லவாசிக்குப் பெரிய ஆறுதல். மரத்துப்போவதுதான் ஆபத்து. அதற்குப் பெரும்பாலும் காரணம் களைப்பு. எட்டுப் பேர் ஒருவருக்கு அதிகம் என்று நீங்கள் நினைத்தால், உடன் பணிபுரிபவர்களுடன் சேர்ந்து அதை எழுத்தில் கேளுங்கள். ஆள் பற்றாக்குறையை உங்கள் ஒருவர் பொறுமையால் ஈடுகட்ட இல்லம் எதிர்பார்க்கக் கூடாது.

கடைசியாக, நீங்கள் கண்டுபிடிப்பவை உங்களோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் விடுமுறை நாளில் வேறொருவர் அந்த அம்மாவைப் பழையபடி இழுத்துக்கொண்டு போனால் இரண்டு வார உழைப்பும் போய்விடும். பராமரிப்புத் திட்டத்தில் செவிலியரைக் கேட்டு இப்படி எழுதவையுங்கள்: "இடது தோளில் வலி, கையைத் தூக்க வேண்டாம். குளியலுக்கு முக்கால் மணி நேரம் முன் வலி மாத்திரை. படுக்கையில் துண்டுக் குளியல், மாலை வேளை. முன்பக்கமாக வந்து, பெயரைச் சொல்லிப் பேசிய பிறகே தொடவும். பாட்டுப் பாடினால் அமைதியாகிறார். கத்தினால் நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கழித்து வரவும்." எந்தத் தோள், எந்த நேரம், எந்தப் பாட்டு என்பதையெல்லாம் அவரைக் கவனித்து நீங்கள்தான் நிரப்ப வேண்டும். இரண்டு வாரம் கழித்து எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். தோலில் சிவப்போ உரிதலோ தெரிந்தால் அதுவரை காத்திருக்காமல் அன்றே செவிலியரிடம் காட்டிவிடுங்கள்.